மூக்குக்குத் தெரிவதும் தெரியாததும்: விஸ்கி மதிப்பீட்டாளரின் குறிப்புகள்

விஸ்கியை முகர்ந்து தரம் சொல்வது என் தொழில் என்று சொன்னதும் எதிரில் இருப்பவர் பெரும்பாலும் சிரித்துவிடுகிறார். சிலர் பொறாமையோடு, சிலர் இரக்கத்தோடு. மதிப்பீட்டு அறையை ஒருமுறை பார்த்தால் இரண்டும் போய்விடும். காலையில் 15 அல்லது 20 மாதிரிகள் வரிசையாக வைக்கப்பட்டிருக்கும். ஒவ்வொன்றும் தண்ணீர் சேர்த்து ஏறக்குறைய 20 விழுக்காடு ஆல்கஹாலுக்குத் தணிக்கப்பட்டு, வாய் குறுகிய கோப்பையில் மூடி போட்டு இருக்கும். எந்தப் பீப்பாய், எத்தனை ஆண்டு, யாருடைய சரக்கு என்று எதுவும் நமக்குத் தெரியாது, எண் மட்டுமே தெரியும். ஒரு சொட்டுக்கூடத் தொண்டைக்குள் இறங்காமல் வேலை முடிகிற நாட்களே அதிகம். இந்த அனுபவத்திலிருந்து, விஸ்கியைப் பற்றிய பொதுவான எண்ணங்களில் எவை மூக்கின் முன் நிற்கின்றன, எவை நிற்பதில்லை என்பதை எழுதுகிறேன். பயின்ற மூக்காலும் கண்டுபிடிக்க முடியாத சிலவற்றை எழுதுவது அதைவிட அவசரமானது என்றாலும், முன்னதைச் சொல்லாமல் பின்னதை விளக்க முடியாது.

புதிதாகப் பயிற்சிக்கு வருபவர்களிடம் நான் தவறாமல் செய்யும் சோதனை ஒன்று உண்டு. ஒரே புட்டியிலிருந்து இரண்டு கோப்பைகளில் ஊற்றி, ஒன்றில் மட்டும் மணமில்லாத அளவுக்குச் சிறிது கேரமல் நிறமியைக் கலந்து வைப்பேன். கருத்த கோப்பைக்கு நேராக "உலர்ந்த பழம், சாக்லேட், நன்கு முதிர்ந்தது" என்றும், வெளுத்த கோப்பைக்கு நேராக "இளசு, புல்வாடை, மெலிவு" என்றும் எழுதித் தருவார்கள். இது அவர்களுடைய குறை அன்று. 2001இல் பிரான்சில் வெளியான ஓர் ஆய்வில், மணமற்ற சிவப்புச் சாயம் ஏற்றிய வெள்ளை ஒயினைச் சுவைத்த 54 மாணவர்கள், அதைச் சிவப்பு ஒயினுக்கு உரிய சொற்களால் வருணித்தார்கள். கண் முந்திக்கொண்டால் மூக்கு அதன் பின்னால்தான் போகும். ஸ்காட்ச் விஸ்கியில் நிறத்தைச் சீராக்கக் கேரமல் சேர்ப்பதற்குச் சட்டமே இடம் தருகிறது. அமெரிக்க விஸ்கி வகையான போர்பனில் அதற்கு இடமில்லை. ஆகவே, போர்பனின் நிறம் பீப்பாய் கொடுத்தது என்று நம்பலாம். ஸ்காட்சின் நிறத்தை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. உள்ளிருக்கும் சரக்கின் நிறம் தெரியாத வண்ணக் கோப்பைகளை மதிப்பீட்டில் பயன்படுத்துவதற்கு இதுதான் காரணம்.

முகர்வதற்கு ஒரு முறை இருக்கிறது. அது பார்ப்பதற்கு எளிது, பழகுவதற்குக் கடினம். 40 விழுக்காட்டுக்கு மேற்பட்ட சாராயத்தில் மூக்கை நுழைத்து இழுத்து முகர்ந்தால், முதலில் தாக்குவது மணம் ஆகாது. அது ஆல்கஹாலின் காட்டம். மிளகாயின் காரத்தை உணரும் அதே நரம்பு ஏற்பிகளை ஆல்கஹாலும் தூண்டுகிறது. அதனால் உண்டாகும் எரிச்சல் சற்று நேரத்துக்கு மற்ற எல்லாவற்றையும் மறைத்துவிடும். கோப்பையை முகவாய்க்கு அருகில் கொண்டுவந்து, வாயை லேசாகத் திறந்து, சிறுசிறு மூச்சாக இழுத்து, விலக்கி, மறுபடி வரவேண்டும். நான்கைந்து முறைக்குப் பிறகு மூக்கு அந்த மணத்துக்குப் பழகி மரத்துப்போகும். அப்போது காப்பிக்கொட்டையை முகர வேண்டும் என்று பலர் சொல்கிறார்கள். அது ஒரு மணத்தின் மேல் இன்னொரு வலுவான மணத்தை ஏற்றுவதே தவிர வேறொன்றும் இல்லை. சொந்தச் சட்டைக் கையை முகர்ந்தால் போதும், மூக்குக்கு மிகவும் பழகிய வாடை அதுதான்.

தண்ணீர் சேர்ப்பது விஸ்கியைக் கெடுப்பது என்ற எண்ணமும் பிடிவாதமாக இருக்கிறது. சுவீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இருவர் 2017இல் வெளியிட்ட கணினி உருவகப்படுத்தல் ஆய்வில், புகைமணம் தரும் குவாயகால் என்னும் மூலக்கூறு, ஆல்கஹால் அளவு 45 விழுக்காடு வரை உள்ளபோது திரவத்தின் மேற்பரப்பை நாடி நிற்கிறது என்றும், 59 விழுக்காட்டுக்கு மேற்பட்ட கலவையில் உள்ளே அமிழ்கிறது என்றும் காட்டினார்கள். மூக்கு இதை வெகுகாலமாக அறிந்திருக்கிறது. தணித்த மாதிரியில் குறைகள் ஒளிய முடியாது. மதிப்பீட்டாளருக்குத் தண்ணீர் பிடிக்கக் காரணம் அதுவே. பனிக்கட்டி இதற்கு நேர்மாறானது. குளிரில் மணம் எழும்பாது, நாவும் மரத்துப்போகும். சுமாரான சரக்கைக் குளிரவைத்துக் கொடுப்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

நாவுக்கு வந்தால், நுனியில் இனிப்பு, ஓரத்தில் புளிப்பு, அடியில் கசப்பு என்று பள்ளிப் பாடங்களில் பார்த்த வரைபடத்தை மறந்துவிடுவது நல்லது. 1901இல் ஒரு ஜெர்மானிய ஆய்வாளர் கண்ட மிகச் சிறிய வேறுபாடுகள் பிற்காலத்தில் மிகைப்படுத்தப்பட்டதால் பிறந்த வரைபடம் அது. நாவின் எல்லாச் சுவைப் பகுதிகளும் எல்லாச் சுவைகளையும் அறியும். வாயில் நாம் சுவை என்று சொல்வதில் பெரும்பங்கு, தொண்டையின் பின்வழியாக மூக்குக்கு ஏறும் மணமே. அரைத் தேக்கரண்டி அளவை வாயில் வைத்துச் சுழற்றி, துப்பிவிட்டு, வாயை மூடி மூக்கின் வழியாக மூச்சை வெளியே விட்டால் அந்தப் பின்மணம் முழுதும் கிடைக்கும். விழுங்குவதால் கூடுதலாகத் தெரிவது மிகக் குறைவு.

இனி வகைகள். வெவ்வேறு வகைகளை ஒரே அளவுகோலால் அளப்பதுதான் நான் அடிக்கடி காணும் பிழை. ஸ்காட்லாந்தின் 2009ஆம் ஆண்டு விதிகள் சிங்கிள் மால்ட், சிங்கிள் கிரெய்ன், பிளெண்டட் மால்ட், பிளெண்டட் கிரெய்ன், பிளெண்டட் என ஐந்து பிரிவுகளை வகுக்கின்றன. மால்ட் என்பது முளைகட்டிய பார்லி, கிரெய்ன் என்பது பிற தானியங்களும் சேர்ந்தது, பிளெண்டட் என்பது கலவை. எல்லாவற்றுக்கும் 700 லிட்டருக்கு மேற்படாத ஓக் பீப்பாயில் குறைந்தது மூன்று ஆண்டு முதிர்ச்சி வேண்டும். புட்டியில் 40 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது. சிங்கிள் மால்ட் என்றால் ஒரே வடிசாலையில் முளைகட்டிய பார்லியை மட்டும் கொண்டு, செம்புக் கலன்களில் தொகுதி தொகுதியாக வடித்தது என்று பொருள். ஒரே பீப்பாய் என்று பொருளில்லை. பிளெண்டட் என்பதை மட்டம் என்று ஒதுக்குபவர்களை எனக்குப் புரிவதில்லை. ஆண்டுக்கு ஆண்டு மாறும் பல பீப்பாய்களிலிருந்து மாறாத ஒரு சுவையை எழுப்புவது இந்தத் தொழிலின் மிகக் கடினமான வேலை.

போர்பனில் தானியக் கலவையில் மக்காச்சோளம் குறைந்தது 51 விழுக்காடு இருக்க வேண்டும். உள்பக்கம் கரித்த புதிய ஓக் கலனில்தான் முதிர வேண்டும். புது மரத்திலிருந்து வெனிலா மணமும், தேங்காய் மணம் தரும் லாக்டோனும், கிராம்பு மணம் தரும் யூஜினாலும் வேகமாக இறங்குவதால், நான்கு ஆண்டு போர்பன் ஒன்று பன்னிரண்டு ஆண்டு ஸ்காட்சைவிட மரமணம் கூடியதாக இருப்பது இயல்பு. அதைப் பார்த்து ஸ்காட்ச் மெலிந்தது என்று சொல்வதில் நியாயமில்லை. ஸ்காட்ச் பெரும்பாலும் முதிர்வது, போர்பன் ஒருமுறை பயன்படுத்திவிட்டுத் தள்ளிய அதே பீப்பாய்களில்தான். அயர்லாந்தின் பாட் ஸ்டில் வகையில் முளைகட்டிய பார்லியோடு முளைகட்டாத பார்லியும் குறைந்தது 30 விழுக்காடு சேர்வதால் வாயில் ஒரு வழவழப்பும் மசாலாக் கடுமையும் ஒருங்கே கிடைக்கும். ஜப்பானில் 2021இல் உற்பத்தியாளர் சங்கம் வகுத்துக்கொண்ட நெறி 2024 ஏப்ரலில் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. அதன்படி வடிப்பதும் மூன்று ஆண்டு முதிர்வதும் புட்டியில் அடைப்பதும் ஜப்பானிலேயே நடக்க வேண்டும். அதற்கு முன் வந்த புட்டிகளில் வெளிநாட்டுச் சரக்கு கலந்திருக்கவும் வாய்ப்பு இருந்தது.

புகைமணம் உள்ள மால்ட்டைப் பற்றிச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். பீட் எனப்படும் மட்கிய தாவரக் கரிமண்ணை எரித்து, அந்தப் புகையில் பார்லியை உலர்த்துவதால் பீனால்கள் எனப்படும் புகைமணச் சேர்மங்கள் ஏறுகின்றன. புட்டியில் பெருமையாகக் குறிக்கப்படும் பிபிஎம் எண் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு பீனால் என்ற கணக்கு) பெரும்பாலும் உலர்த்திய பார்லியில் அளந்தது. அரைத்து, நொதிக்கவைத்து, வடித்து, முதிரவைக்கும் வழியில் அதில் பெரும்பகுதி போய்விடும். பீனால்கள் வடிப்பின் பிற்பகுதியில் மிகுதியாக வருவதால், வடிப்பவர் எந்த நேரத்தில் ஓட்டத்தை வெட்டுகிறார், அதாவது சேகரிப்பதை நிறுத்துகிறார் என்பதே புகையின் அளவைத் தீர்மானிக்கும். 50 பிபிஎம் என்று எழுதியது 35ஐவிட மென்மையாக இருப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். புகையிலும் வகை உண்டு: குவாயகால் தருவது விறகுப் புகை, கிரெசால்கள் தருவது மருத்துவமனை நெடி. முதலாவது பிடித்தவருக்கு இரண்டாவதும் பிடிக்க வேண்டிய கட்டாயமில்லை.

குறைகளைக் குறிக்க ஆங்கிலக் குறிப்பேடுகளின் சொற்களை மனப்பாடம் செய்து வரும் பயிற்சியாளர்களிடம் முதலில் அவற்றைத் தள்ளி வைக்கச் சொல்வேன். வாழ்நாளில் கண்டிராத ஒரு புதர்ப்பூவின் மணத்தை ஒருவர் எப்படி விஸ்கியில் காண முடியும்? நம் மொழியில் காந்தல் வேறு, பொசுங்கல் வேறு, சிக்கு வேறு, காறல் வேறு, ஊசல் வேறு. பீப்பாயின் உட்புறம் அளவுக்கு மீறிக் கரிந்தால் வருவது காந்தல். பழைய எண்ணெயின் சிக்கு வாடை வந்தால் வடிப்பின் வால்பகுதியை மிகத் தாமதமாக வெட்டியிருக்கிறார்கள் என்று ஐயுறலாம். தீக்குச்சி கிழித்த நெடியோ, வேகவைத்த முட்டைக்கோஸ் வாடையோ இருந்தால் கந்தகம். வடிகலனின் செம்பு அதைப் போதிய அளவு பிடிக்காமல் விட்டிருக்கலாம், ஷெர்ரி என்னும் ஸ்பானிய ஒயின் இருந்த பீப்பாயைப் பாதுகாக்க எரித்த கந்தகமாகவும் இருக்கலாம். புளித்த வாந்தி நெடியை எவரும் தவறவிட மாட்டார்கள், பியூட்டிரிக் அமிலம். இப்படிப் பெயர் வைக்கத் தெரிந்த பிறகே புகழத் தகுதி வருகிறது என்பது என் கருத்து.

வயதைப் பற்றி ஒன்று. புட்டியில் உள்ள எண், கலவையிலுள்ள மிக இளைய விஸ்கியின் வயது. அது புட்டியில் அடைத்த நாளோடு நின்றுவிடுகிறது. அலமாரியில் 20 ஆண்டு காத்தாலும் 12 என்பது 12தான். ஸ்காட்லாந்தின் குளிரில் பீப்பாயிலிருந்து ஆண்டுக்கு ஏறக்குறைய 2 விழுக்காடு ஆவியாகிறது. தேவதைகளின் பங்கு என்று தொழிலில் சொல்வார்கள். வெப்ப நாடுகளின் தேவதைகள் பெருந்தீனிக்காரர்கள், இழப்பு பல மடங்கு அதிகம். அங்கே ஐந்து ஆண்டில் கனியும் சரக்கைப் பன்னிரண்டு ஆண்டு வைத்தால் மரத்தின் துவர்ப்பும் கசப்புமே எஞ்சும். வயதையும் விலையையும் மறைத்து வைத்தால் அவற்றை மூக்கால் சரியாக ஊகிப்பவர் அரிது, நானும் அவர்களில் ஒருவன் இல்லை.

இனி நான் முதலில் சொன்ன, மூக்குக்குத் தெரியாத பகுதி. "நீங்கள் முகர்ந்து பார்த்தால் கள்ளச்சரக்கைக் கண்டுபிடித்துவிடுவீர்களே" என்று கேட்கிறார்கள். சாயமும் செயற்கை மணமும் சேர்த்த வெறும் சாராயத்தை ஓரளவு கண்டுபிடிக்கலாம். உயிரைப் பறிக்கும் மெத்தனாலைக் கண்டுபிடிக்க முடியாது. அதன் மணமும் சுவையும் குடிக்கத்தக்க எத்தனாலுக்கு மிக நெருக்கமானவை. இரண்டும் கலந்திருக்கும்போது எவ்வளவு பயின்ற மூக்கும் தோற்கும். கொளுத்தினால் சுடரின் நிறத்தில் தெரியும் என்பதையும் நம்பக் கூடாது. வாயு நிறப்பகுப்பு போன்ற ஆய்வகச் சோதனை ஒன்றே வழி. குடித்தவுடன் சாதாரண போதை போலவே இருக்கும். உடல் மெத்தனாலை பார்மிக் அமிலமாக மாற்றிய பிறகு, பெரும்பாலும் 12 முதல் 24 மணி நேரத்துக்குள், வாந்தி, வயிற்று வலி, மூச்சு வேகம், பார்வை மங்கல் ஆகியவை தொடங்கும். எத்தனாலும் சேர்ந்திருந்தால் இன்னும் தாமதமாகும். கண்முன் பனிமூட்டம் போலத் தெரிகிறது என்று ஒருவர் சொன்னால், தூங்கினால் சரியாகும் என்று விடாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். நச்சுமுறி மருந்தும் ரத்தச் சுத்திகரிப்பும் உண்டு, நேரம்தான் இருக்காது. மூடி முத்திரை குலைந்த புட்டியை நான் முகர்ந்துகூடப் பார்ப்பதில்லை. முகர்வதால் தெரியப்போவது எதுவுமில்லை.

மூக்குக்குத் தெரியாத இன்னொன்று, தன் ரத்தத்தில் ஏறிய அளவு. 40 விழுக்காடு விஸ்கி 30 மில்லியில் ஏறக்குறைய 9.5 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. பீப்பாயிலிருந்து தணிக்காமல் அடைத்த 60 விழுக்காட்டுச் சரக்கில் அதே 30 மில்லி 14 கிராமைத் தாண்டும். "மென்மையாக இருந்தது, ஏறவே இல்லை" என்பது நன்றாக முதிர்ந்த விஸ்கியின் குணமே ஒழிய, குறைந்த ஆல்கஹாலின் அடையாளம் இல்லை. மதுபானம் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1988லேயே வகைப்படுத்திவிட்டது. உடல்நலத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் அறிவித்தது. முப்பது ஆண்டு முதிர்ந்த சிங்கிள் மால்ட்டுக்கு இதில் விலக்கு ஏதும் கிடையாது. ஆகவே, இதுவரை குடிக்காத எவரையும் சுவைத்துப் பார்க்க நான் அழைப்பதில்லை.

துப்பிவிட்டாலும் வாயின் மெல்லிய தோல் வழியாகவும், தெரியாமல் இறங்கும் சில சொட்டுகள் வழியாகவும் சிறிதளவு உடலுக்குள் போகவே செய்கிறது. ஆகவே எங்கள் குழுவில் ஓர் அமர்வுக்கு ஆறு மாதிரிகளுக்கு மேல் வாயில் வைப்பதில்லை, மற்றவை முகர்வதோடு சரி. கருவுற்றவர்களும், கல்லீரல் கோளாறு உள்ளவர்களும், ஆல்கஹாலோடு ஒவ்வாத மருந்து எடுப்பவர்களும் அன்றைய பட்டியலில் இடம்பெற மாட்டார்கள். காரணத்தையும் யாரும் கேட்பதில்லை. அமர்வு முடிந்ததும் மூச்சில் ஆல்கஹாலை அளக்கும் கருவியில் ஊதுகிறோம். வாயில் தங்கிய ஆல்கஹால் அகல ஏறக்குறைய 15 நிமிடம் ஆகும் என்பதால், உடனே ஊதினால் எண் பொய்யாகக் கூடிக் காட்டும். அந்தக் கால் மணி நேரத்தில் கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு ஊதுவோம். எண் பூஜ்யமாக வந்தவர் மட்டும் வண்டிச் சாவியை எடுத்துக்கொள்ளலாம்.