புரையும் கண் நீர் அழுத்த நோயும் சேர்ந்திருந்தால் எந்த அறுவை?

புரையை எடுத்துவிட்டால் பார்வை முழுதாகத் திரும்பிவிடும் என்ற நம்பிக்கையோடுதான் பலரும் வருகிறார்கள். புரை மட்டும் என்றால் அது பெரும்பாலும் பலிக்கும். கூடவே கிளாக்கோமா எனப்படும் கண் நீர் அழுத்த நோயும் இருந்தால் நிலைமை வேறு. புரை மறைத்த பார்வையை மீட்கலாம். ஆனால் கண் அழுத்தத்தால் பார்வை நரம்பு சிதைந்து போனதை எந்த அறுவையாலும் மீட்க முடியாது. இதை அறுவைக்கு முன்பே நோயாளியிடமும் உடன் வரும் பிள்ளைகளிடமும் சொல்லிவிட வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

புரை எவ்வளவு முற்றியிருக்கிறது என்பதைவிட நரம்பு எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதே முக்கியம். பாதிப்பு குறைவாக இருந்து, ஒன்றிரண்டு சொட்டு மருந்துகளில் அழுத்தம் அடங்கினால், புரையை மட்டும் எடுத்து செயற்கை லென்ஸ் வைத்தால் போதும். அதிலேயே அழுத்தம் சற்றுக் குறையும். கண்ணுக்குள் ஊறும் நீர் வெளியேறும் வடிகால் கோணம் குறுகியவர்களுக்குப் பலன் இன்னும் கூடுதல்: கண்ணின் தடித்த இயற்கை லென்ஸ் அகன்றதும் கோணம் விரிகிறது. இவர்களில் பலருக்கு, கண்ணின் நிறப்பகுதியான ஐரிஸில் லேசரால் துளையிடுவதைவிட அந்த லென்ஸை முதலிலேயே எடுப்பது மேல் என்று 2016இல் வெளியான 'ஈகிள்' ஆய்வு காட்டியது.

மூன்று மருந்து போட்டும் அழுத்தம் அடங்கவில்லை, அல்லது மாதாமாதம் மருந்து வாங்க வசதியில்லை என்றால், புரை அறுவையோடு டிராபெகுலெக்டமியையும் ஒரே நாளில் செய்யலாம். மேலிமை மறைக்கும் இடத்தில், வெண்விழியில் நீர் வடியச் சிறு வழி திறக்கும் அறுவை அது. ஆனால் டிராபெகுலெக்டமியைத் தனியாகச் செய்யும்போது குறையும் அளவுக்கு, இரண்டையும் சேர்த்துச் செய்யும்போது அழுத்தம் குறைவதில்லை. ஆகவே நரம்பு மிகவும் நலிந்த கண்ணில் டிராபெகுலெக்டமியை முதலில் முடித்து, புரையை ஆறு மாதமாவது தள்ளிப்போடவே விரும்புகிறேன். அவசரப்பட்டால் திறந்த வழி தழும்பேறி அடைத்துக்கொள்ளும். அப்படி அடைத்துப்போன கண்களுக்கு வடிகுழாய் இருக்கிறது. கண் மருத்துவப் பொருள்கள் செய்யும் மதுரை ஆரோலேப் நிறுவனம் அதைக் குறைந்த விலையில் தயாரிக்கிறது.

தூரத்துக்கும் கிட்டத்துக்கும் சேர்த்து வரும் மல்டிஃபோக்கல் லென்ஸை, நரம்பு பாதித்தவர்கள் கேட்டாலும் நான் பொதுவாக வைப்பதில்லை. மங்கிய ஒளியில் பொருள்களைப் பிரித்தறியும் திறன் இவர்களுக்கு ஏற்கெனவே குறைவு. அந்த லென்ஸ் அதை மேலும் குறைக்கும்.

அறுவைக்குப் பிறகு அழுத்த மருந்தை மருத்துவர் சொல்லாமல் நிறுத்தாதீர்கள். வீக்கம் தணியத் தரும் ஸ்டீராய்டு சொட்டு மருந்தைப் பழைய சீட்டைக் காட்டி மறுபடி வாங்கிப் போடாதீர்கள். அது அழுத்தத்தை ஏற்றிவிடும். டிராபெகுலெக்டமி செய்த கண் சிவந்து, வலித்து, பீளை தள்ளினால், பத்து வருடம் கழித்து வந்தாலும் அன்றைக்கே காட்டுங்கள்.