டிப்ரெஷன்: மன அழுத்தமா, மனச்சோர்வா?

டிப்ரெஷன் என்னும் சொல், கீழே அமுக்குதல் என்று பொருள்படும் லத்தீன் வினை ஒன்றிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. வானிலையியலில் அது காற்றழுத்தத் தாழ்வு என்றும் பொருளியலில் பெருமந்தம் என்றும் தமிழில் நிலைபெற்றுவிட்டது. மனநோயைக் குறிக்கும்போது மட்டும் இன்னும் தடுமாறுகிறது. மருத்துவத்தில் இது பழைய பெயரும் அன்று. உடலில் கரும்பித்தம் மிகுவதே இந்நோய்க்குக் காரணம் என்று கருதிய கிரேக்கர்கள் இட்ட மெலங்கோலியா என்ற பெயரே ஐரோப்பாவில் நெடுங்காலம் வழங்கியது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அடால்ஃப் மேயர் என்னும் மனநல மருத்துவர், நோயின் காரணம் முழுவதும் தெரிந்துவிட்டதுபோல் பேசும் அப்பெயரை விடுத்து, டிப்ரெஷன் என்பதை முன்வைத்தார்.

நம் நாளேடுகள் இதற்கு மன அழுத்தம் என்று எழுதுகின்றன. அமுக்குதல் என்ற மூலப்பொருளுக்கு அது நெருக்கமானதுதான். ஆனால் ஸ்ட்ரெஸ் என்பதற்கும் அதே சொல்லையே வழங்குகிறோம். தேர்வு, கடன், வேலைக்கெடு போன்றவை தரும் அழுத்தம் பெரும்பாலும் அவை தீர்ந்ததும் தணிந்துவிடும். டிப்ரெஷனோ, குறைந்தது இரண்டு வாரங்களுக்கு நாளின் பெரும்பகுதியும் துயரமோ எதிலும் நாட்டமின்மையோ நீடித்து, தூக்கம், பசி, கவனம் ஆகியவற்றையும் குலைத்து, தன்னைப் பயனற்றவராக எண்ணவைக்கும் நோய். இரண்டையும் ஒரே பெயரால் அழைப்பதன் விளைவு, மருத்துவரிடம் போகவேண்டியவருக்கு நான்கு நாள் விடுப்பு எடுத்து ஊருக்குப் போய்வரும்படி அறிவுரை கிடைப்பதாகும்.

மனச்சோர்வு என்பதே பொருத்தமான சொல். சோர்தல் என்பதற்கு வழிதல், நழுவுதல், தளர்தல் என்று பொருள்கள் உண்டு. கண்ணீர் சோர்ந்தது, கை சோர்ந்தது என்கிறோம். மேலிருந்து ஒன்று அமுக்குவதைவிட, உள்ளிருந்த வலு தானே வடிந்துபோவதைத்தான் இந்நோயாளிகள் பலர் விவரிக்கிறார்கள். இச்சொல்லுக்கும் ஒரு குறை உண்டு: வெறும் களைப்பையும் அது குறிக்கும். ஆகவே நோயைச் சுட்டும் இடத்தில் மனச்சோர்வு நோய் என்று எழுதுவதே தெளிவு. சோம்பலுக்குத் தமிழில் மடி என்ற தனிச்சொல் இருக்கிறது. திருக்குறளில் மடியின்மைக்கு ஓர் அதிகாரமே உண்டு. நோயால் சோர்ந்தவரை மடியர் என்று ஏசுவதற்குச் சொல்வளக் குறைவைக் காரணம் காட்ட நமக்கு வழியில்லை.

இனி, இந்நோயோடு வாழ்பவருக்கு நாம் தரும் ஊக்கச் சொற்களைப் பார்ப்போம். முதலில் வருவது நம்பிக்கை. 'நம்பும் மேவும் நசையா கும்மே' என்கிறது தொல்காப்பியம். அதாவது நம்பு என்னும் உரிச்சொல்லுக்கு அங்கே விருப்பம் என்று பொருள். மனச்சோர்வு முதலில் பறித்துக்கொள்வதே அந்த விருப்பத்தைத்தான். அப்படியிருக்க, நம்பிக்கையோடு இரு என்று சொல்வது, இல்லாத ஒன்றை அவரிடமே கேட்பதாகிறது. தன்னம்பிக்கை என்பதோ, அது இல்லாமற்போனது அவருடைய குற்றமே என்ற குறிப்பையும் சேர்த்துக்கொண்டு வருகிறது.

தேறுதல் என்ற சொல் இதைவிட நேர்மையானது. உடம்பு தேறியது என்றால் நோய் நீங்கியது. மனம் தேறியது என்றால் துயரம் ஆறியது. 'தேறற்க யாரையும் தேராது' என்னும் குறளில் தேறுதல் என்றால் நம்புதல். குணமாதல், ஆறுதல் பெறுதல், நம்புதல் ஆகிய மூன்றையும் ஒரே வினை சுமக்கிறது. இவற்றுக்கெல்லாம் அடியில் தெளிதல் என்ற பொருள் கிடக்கிறது. கலங்கிய நீரைத் தெளியவைக்கப் பாத்திரத்தின் உட்புறம் தேய்க்கும் விதைக்குத் தேற்றாங்கொட்டை என்று பெயர். கலித்தொகையிலேயே இந்த உவமை உண்டு. தேய்த்த உடனே நீர் தெளிந்துவிடாது, வண்டல் அடியில் படியும்வரை காத்திருக்க வேண்டும். (தெளிந்த கள்ளுக்குத் தேறல் என்று பெயர் வந்ததும் இவ்வழியேதான். ஆனால் மது மனச்சோர்வைக் கூட்டுமேயன்றித் தேற்றாது.)

மருத்துவமும் இந்தக் காத்திருப்பையே சொல்கிறது. மனச்சோர்வுக்கான மாத்திரைகளின் பலன் தெரியப் பொதுவாக இரண்டு முதல் நான்கு வாரங்கள், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். பேச்சுவழிச் சிகிச்சை முறைகளில் ஒன்று, விருப்பம் திரும்பிய பிறகு செயல்படலாம் என்று காத்திராமல், குளிப்பது, தெருமுனைவரை நடப்பது போன்ற சிறு செயல்களை நேரம் குறித்துச் செய்யவைக்கிறது. செயலைத் தொடர்ந்து விருப்பம் மெல்ல வருவதே அதன் அடிப்படை. ஆகவே தேற்றுபவர் செய்யத்தக்கது, எழுந்து வா என்று அதட்டுவதைவிட, மருத்துவரிடம் உடன் செல்வதும் மாத்திரை வேளையை நினைவூட்டுவதுமே. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தலைகாட்டினால் காத்திருக்கவே கூடாது. இந்தியாவில் 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணிலும், இலங்கையில் தேசிய மனநல நிறுவனத்தின் உதவியை 1926 என்ற எண்ணிலும் உடனே அழைக்கலாம்.

வழக்கில் ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. தேறிவிட்டார் என்பது முடிந்துபோன செயல். தேறிவருகிறார் என்பது நடந்துகொண்டிருப்பது. அறிகுறிகள் நீங்கிய பின்னும் ஆறு மாதங்களேனும் மருந்தைத் தொடரும்படி மருத்துவர்கள் வழக்கமாகச் சொல்வதால், அந்தக் காலத்துக்கும் பொருந்துவது இரண்டாவதுதான்.