நாய்க் காப்பகம் ஏன் எப்போதும் நிரம்பியே இருக்கிறது?

போன மாதம் அக்கா மகளைக் கூட்டிக்கொண்டு நாய்க்குட்டி எடுக்கப் போனேன். அல்சூரிலிருந்து வடக்கே முக்கால் மணி நேரப் பயணம். பெங்களூரு டிராஃபிக்கில் அது ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது. காப்பகத்துக்குள் நுழைந்ததுமே அவள் முகம் வாடிவிட்டது.

"மாமா, எல்லாம் பெரிய நாயா இருக்கு. குட்டி ஒண்ணுகூட இல்லையே."

கூண்டு கழுவிக்கொண்டிருந்தவர் தர்மபுரிக்காரர். தமிழ் காதில் விழுந்ததும் நிமிர்ந்தார். "குட்டி வரும் பாப்பா. வந்த வேகத்துல போயிடும். இதுங்கதான் நிக்கும். இதுல சிலது ரெண்டு வருசமா நிக்குது."

போகிற போக்கில் சொன்னதுதான். ஆனால் காப்பகங்கள் ஏன் நிரம்பி வழிகின்றன என்ற கேள்விக்குப் பாதிப் பதில் அதில் இருக்கிறது. மீதிப் பாதி தெருவில் இருக்கிறது. அதை அப்புறம் பார்ப்போம்.

முதலில் ஒரு தர்ஷினிக்குப் போவோம். நின்றுகொண்டே இட்லி சாப்பிடும் பெங்களூரு ஓட்டல். நிமிடத்துக்கு ஐந்து பேர் வருகிறார்கள், ஒவ்வொருவரும் பத்து நிமிடத்தில் சாப்பிட்டுக் கிளம்புகிறார்கள் என்றால், எந்த நேரத்தில் எட்டிப் பார்த்தாலும் உள்ளே ஏறத்தாழ ஐம்பது பேர் இருப்பார்கள். முதலாளி மனம் இளகி நாற்காலி போடுகிறார். ஆட்கள் காபியோடு அரசியல் பேசி அரை மணி நேரம் உட்கார்கிறார்கள். கூட்டம் நூற்றைம்பது ஆகிவிடும். வாசலில் வருகிறவர்கள் ஒருவர்கூட அதிகமாகவில்லை. உள்ளே இருப்போர் எண்ணிக்கை என்பது வரும் வேகத்தைத் தங்கும் நேரத்தால் பெருக்கினால் கிடைப்பது. 1961-ல் ஜான் லிட்டில் என்ற அமெரிக்கர் இதைக் கணித முறையில் நிரூபித்தார். வங்கி வரிசை, ஆஸ்பத்திரிப் படுக்கை, தொழிற்சாலைச் சரக்கு என்று எல்லாவற்றுக்கும் பொருந்தும் விதி இது.

நாய்க் கூண்டுக்கும் பொருந்தும். ஒரு காப்பகத்துக்குத் தினமும் நான்கு நாய்கள் வருவதாகவும், சராசரியாக முப்பது நாளில் ஒவ்வொன்றும் வீடு போய்ச் சேருவதாகவும் வைத்துக்கொள்வோம். உள்ளே 120 நாய்கள் இருக்கும். அந்த முப்பது நாள் நாற்பத்தைந்தாக நீண்டால் 180. ஊரில் நாய் பெருகவில்லை, யாரும் கூடுதலாகக் கொண்டுவந்து விடவில்லை. புகைப்படம் எடுக்கத் தாமதம், தடுப்பூசி போடும் டாக்டர் வாரம் ஒருமுறைதான் வருகிறார், விசாரிக்கிறவர்களின் போனை எடுக்க ஆளில்லை. இந்த மாதிரி சின்னச் சின்ன இழுவைகளே அறுபது நாய்களைக் கூட்டிவிடும்.

சரி, குட்டிகள் ஏன் கண்ணில் படவில்லை? வருடத்துக்கு நூறு நாய் வரும் ஒரு காப்பகத்தை எடுத்துக்கொள்வோம். தொண்ணூறு குட்டிகள், பத்து பெரிய நாய்கள். குட்டி பதினைந்து நாளில் போய்விடுகிறது, பெரிய நாய் ஒரு வருடம் நிற்கிறது. குட்டிகள் எல்லாம் சேர்ந்து கூண்டில் கழிக்கும் நாட்கள் 1,350. பத்தே பத்து பெரிய நாய்கள் கழிக்கும் நாட்கள் 3,650. ஆக, எந்த நாளில் போய் நின்றாலும் நம் கண்ணில் படுவதில் ஏறத்தாழ நாலில் மூன்று பங்கு பெரிய நாய்தான். வந்தவற்றில் அவை பத்தில் ஒரு பங்கு மட்டுமே! "காப்பகத்துல எல்லாம் கிழட்டு நாய்தான்" என்று முகம் சுளிப்பவர்கள் இந்தக் கணக்கின் நிழலைத்தான் பார்க்கிறார்கள்.

இதையே திருப்பிப் போட்டால் இன்னொன்று தெரியும். குட்டியை எடுத்துப் போகிறவர் பதினைந்து நாள் இடத்தைக் காலி செய்கிறார். அந்தக் குட்டியை அவர் எடுக்காவிட்டால் நாளைக்கு வேறொருவர் எடுத்திருப்பார். பெரிய நாயை எடுத்துப் போகிறவரோ ஒரு வருடக் கூண்டைக் காலி செய்கிறார். அந்த இடத்தில் ஒன்றன்பின் ஒன்றாக இருபத்து நான்கு குட்டிகள் வந்து போகலாம்.

கூண்டில் இடம் கிடைப்பது ஏதோ வசதிக்கான விஷயம் என்று நினைக்க வேண்டாம். நெரிசல் கொல்லும். குட்டிகளைக் கொல்வதில் முதல் வரிசையில் நிற்பது பார்வோ வைரஸ். 1970-களின் கடைசியில்தான் நாய்களிடம் இது கண்டுபிடிக்கப்பட்டது. குடலைத் தாக்கும். ரத்தப் பேதியாகும், வாந்தி எடுக்கும், சிகிச்சை இல்லாத குட்டி சில நாட்களில் போய்விடும். மலத்தில் கோடிக்கணக்கில் வெளியேறி, மண்ணிலும் தரையிலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். வழக்கமாகத் தெளிக்கும் பினாயிலை நம்ப முடியாது, ப்ளீச்சிங் கரைசல் வேண்டும்.

தடுப்பூசி இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, ஆனால் அதில் ஒரு விசித்திரமான சிக்கல் உண்டு. பிறந்த குட்டிக்குத் தாயின் சீம்பாலிலிருந்து எதிர்ப்புப் புரதங்கள் கிடைக்கின்றன. நோய்க்கிருமியைத் தடுக்கும் அதே புரதம் தடுப்பூசியையும் கிருமி என்று நினைத்து அடித்து வீழ்த்திவிடும். வாரங்கள் போகப் போக அது தேய்கிறது. நடுவில் ஒரு கட்டம் வரும். நோயைத் தடுக்கப் போதாத அளவு, ஆனால் தடுப்பூசியைக் கெடுக்கப் போதுமான அளவு மட்டும் மிச்சமிருக்கும். ஆறாவது வாரத்துக்கும் பதினாறாவது வாரத்துக்கும் நடுவில் எப்போது வேண்டுமானாலும் இது வரலாம், குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப ஊசி போடுகிறார்கள். "டாக்டர் காசு பிடுங்குகிறார்" என்பது அநியாயமான பழி. இந்த இடைவெளியில் இருக்கும் குட்டியை நெரிசலான காப்பகத்தில் வைப்பது சூதாட்டம்தான். ஃபாஸ்டர் என்று சொல்லி, சில வாரத்துக்கு மட்டும் யாராவது வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளக் காப்பகங்கள் கெஞ்சுவது இதற்காகத்தான்.

இனி தெருவுக்கு வருவோம். ஒரு பெட்டை நாயும் அதன் வாரிசுகளும் ஆறு வருடத்தில் 67,000 நாய்களாகப் பெருகும் என்று உலகம் முழுக்க ஒரு கணக்கு சுற்றுகிறது. கேட்கப் பயமாக இருக்கும், ஆனால் தப்பான கணக்கு. பிறக்கும் எல்லாக் குட்டியும் பிழைக்கும் என்று அது வைத்துக்கொள்கிறது. கொல்கத்தா ஐசர் என்ற அறிவியல் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ஐந்து வருடம் தெருத்தெருவாக அலைந்து 95 ஈத்துகளில் பிறந்த 364 குட்டிகளைக் கண்காணித்தார்கள். 2016-ல் முடிவை வெளியிட்டார்கள். இனப்பெருக்க வயதைத் தொட்டவை 19 சதவீதம். இறந்தவற்றில் பெரும்பாலானவற்றின் சாவுக்கு ஏதோ ஒரு வகையில் மனிதர்களே காரணம். வண்டி, அடி, விஷம், தாயிடமிருந்து பிரித்துத் தூக்கிப் போனது.

ஈத்துக்கு நாலு குட்டிக்குச் சற்றுக் குறைவு, அதில் ஐந்தில் ஒன்று பிழைக்கிறது என்றால், ஒரு ஈத்துக்கு முழுதாக ஒரு நாய்கூடத் தேறாது. தன்னையும் தன் ஜோடியையும் ஈடுசெய்யவே ஒரு தாய்க்கு மூன்று ஈத்து வேண்டும். நாய்களின் எண்ணிக்கையைக் கட்டிப்போடுவது குட்டிச் சாவு. குட்டிச் சாவைத் தீர்மானிப்பவை சோறும் இடமும்.

இது புரிந்தால், நாய்களைப் பிடித்துக் கொன்ற நகரங்கள் ஏன் தோற்றன என்பதும் புரியும். தெருவில் பத்து நாய்க்குச் சோறு இருக்கிறது. ஐந்தைத் தூக்கிவிட்டால் மிச்ச ஐந்தும் நன்றாகத் தின்னும், அவற்றின் குட்டிகள் அதிகம் பிழைக்கும், பக்கத்துத் தெரு நாயும் குடியேறும். சென்னையில் ப்ளூ கிராஸ் என்ற பிராணிநல அமைப்பு 1960-களிலேயே கொலைக்குப் பதில் கருத்தடை என்று சொல்ல ஆரம்பித்தது. மாநகராட்சி அந்த வழிக்கு வந்தது 1996-ல். நாடு முழுக்க விதியானது 2001-ல், புதுப்பிக்கப்பட்டது 2023-ல். இதற்கெல்லாம் அடித்தளமான 1960-ன் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்துக்காக மாநிலங்களவையில் குரல் கொடுத்தவர் நம் கலாக்ஷேத்ரா ருக்மிணி தேவி அருண்டேல் என்பது பரதநாட்டிய ரசிகர்களில் பலருக்குத் தெரியாது.

கருத்தடை செய்த நாயைப் பிடித்த இடத்திலேயே விடுவது பலருக்கு எரிச்சல். "பிடிச்சது பிடிச்சாங்க, அப்படியே கொண்டுபோகக் கூடாதா?" பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்போமே, அதே வேலையைத்தான் அந்த நாய் செய்கிறது. தன் பங்குச் சோற்றைத் தானே தின்கிறது, புதிதாக வரும் நாயைக் குரைத்து விரட்டுகிறது, ஆனால் குட்டி போடாது. அடையாளத்துக்குக் காதின் ஒரு ஓரத்தை வெட்டிவிடுவார்கள். அல்சூர் ஏரிப் பக்கம் திருவள்ளுவர் சிலைவரை நடந்து போகும்போது, வழியில் படுத்திருக்கும் நாய்களின் காதுகளைக் கவனியுங்கள். அதே நேரத்தில் வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் போடப்படுகிறது. நாய்களில் 70 சதவீதத்துக்குத் தடுப்பூசி இருந்தால் ரேபிஸ் ஒரு நாயிடமிருந்து அடுத்ததுக்குத் தாவும் சங்கிலி அறுந்துபோகும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல்.

பெங்களூரு மாநகராட்சி 2019-ல் எடுத்த கணக்கெடுப்பில் தெருநாய்கள் சுமார் 3.10 லட்சம், கருத்தடை ஆனவை 51 சதவீதம். 2023-ல் 2.79 லட்சம், கருத்தடை ஆனவை சுமார் 72 சதவீதம். நான்கு வருடத்தில் பத்து சதவீதம் குறைவு என்றால் தெருவில் நடக்கிறவனுக்குக் கண்ணுக்கே தெரியாதுதான். ஆனால் பெருக வேண்டிய ஒன்று குறைந்திருக்கிறது. இதில் ஒரு ஓட்டையும் உண்டு. நகரச் சராசரி 72 என்றாலும் மிச்ச 28 சதவீதமும் ஊரெங்கும் சமமாகப் பரவி இருக்காது. புதிதாக லேஅவுட் போடும் புறநகரில், யாரும் வலை கொண்டுபோகாத இடத்தில் குவிந்திருந்தால், அங்கே குட்டிகள் பிறந்துகொண்டே இருக்கும். ஆண் நாய்களை மட்டும் பிடித்து எண்ணிக்கை காட்டுவதிலும் பயனில்லை. தப்பிய ஒரே ஒரு ஆண் போதும். பெட்டைதான் கணக்கு.

பூனை விஷயம் தனிக் கட்டுரைக்கு ஆகும். ஒன்று மட்டும்: பெண் பூனைக்கு இணை சேர்ந்த பிறகுதான் கருமுட்டையே வெளிவரும். அதனால் இணை சேர்ந்தால் பெரும்பாலும் குட்டிதான். கருத்தடையைத் தள்ளிப்போடக் கூடாத பிராணி.

காப்பகத்துக்கு வரும் இன்னொரு ஓடை நம் வீடுகளிலிருந்து கிளம்புகிறது. 2003-ல் ஹட்ச் என்ற செல்போன் நிறுவனத்தின் விளம்பரத்தில் ஒரு பக் நாய் பையன் பின்னால் ஓடியது, நாடே பக் வாங்கியது. சப்பை மூக்கால் அது மூச்சுவிடத் திணறும் என்பது வாங்கிய பிறகுதான் தெரிந்தது. பெங்களூரு குளிரை நம்பிப் பனிப்பிரதேச நாயான ஹஸ்கியை வாங்குவார்கள், சென்னைக்கு மாற்றல் வந்ததும் காப்பக வாசலில் நிற்பார்கள். நாய் விற்ற காசு குரைக்காது என்பது பழமொழி. விற்றவனுக்குக் குரைக்காது, சரி. வாங்கியவர் வீட்டில் குரைக்கிறது, பக்கத்து ஃப்ளாட்காரர் சண்டைக்கு வருகிறார், நாய் வெளியே போகிறது.

2025 ஆகஸ்ட் 11-ல் தில்லி வட்டாரத் தெருநாய்களைப் பிடித்துக் காப்பகங்களில் அடைக்க வேண்டும், திரும்ப விடக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பதினோரு நாளில் மூன்று நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது. ரேபிஸ் பிடித்தவை, மூர்க்கமானவை தவிர மற்றவற்றைக் கருத்தடையும் ஊசியும் போட்டு அதே இடத்தில் விடலாம் என்றது. பிறகு நவம்பரில், பள்ளி, மருத்துவமனை, பஸ் நிலையம், ரயில் நிலையம் போன்ற வளாகங்களில் பிடிப்பவற்றைத் திரும்ப விடக்கூடாது என்று இன்னொரு உத்தரவு வந்தது. நாய்க்கடியால் பிள்ளையைப் பறிகொடுத்தவரிடம் போய் நான் கணிதம் பேச மாட்டேன். ஆனால் உத்தரவு போடும் இடத்தில் கணிதம் பேசியே ஆக வேண்டும். வெளியே போகும் வழி இல்லாத காப்பகத்தில் தங்கும் நேரம் என்பது ஆயுள். தினம் பத்து நாய் வந்து ஒவ்வொன்றும் ஐந்து வருடம் வாழ்ந்தால், அந்த ஒரு காப்பகத்தில் 18,250 நாய்கள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் தினம் சோறு, தண்ணீர், ஊசி, மலம் அள்ள ஆள்.

அக்கா மகளிடம் இவ்வளவையும் சொல்லவில்லை. பதினேழாம் கூண்டில் ஒரு செவலைப் பெட்டை நாய், நாலு வயது, காதில் வெட்டு. கூண்டின் மூலையில் சுருண்டு கிடந்தது, எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இங்க இப்படித்தான் கெடக்கும். இரைச்சல் தாங்காது அதுக்கு. வீட்டுக்குப் போய் பத்து நாள் ஆகட்டும், வேற நாய் மாதிரி இருக்கும்" என்றார் தர்மபுரிக்காரர். இது விற்பனைப் பேச்சு இல்லை. கூண்டுக்கு வந்த முதல் நாட்களில் நாய்களின் உடலில் கார்டிசால் என்ற அழுத்த ஹார்மோன் ஏறியிருப்பதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். குட்டியை வாங்கினால் எவ்வளவு வளரும், என்ன குணம் வரும் என்று தெரியாது. நாலு வயது நாயிடம் வளர்த்தி முடிந்த விஷயம், குணமும் ஏறக்குறைய படிந்திருக்கும்.

படிவத்தில் கையெழுத்துப் போட்டோம். மணி என்று பெயர் வைத்தாள். காருக்கு நடக்கும்போது ஒரு ஆட்டோ உள்ளே வந்தது. பின் சீட்டில் அட்டைப்பெட்டி, அதற்குள் ஐந்து குட்டிகள். அவள் பெட்டிக்குள் கையை விடப் போனாள்.

"தொடாத பாப்பா. எதுக்கு நோய் இருக்குன்னு இன்னும் தெரியாது. ரெண்டு வாரம் தனி ரூம்" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார் தர்மபுரிக்காரர்.

ஹெப்பாள் மேம்பாலத்தில் வண்டிகள் நகராமல் நின்றபோது மணி பின் சீட்டில் வாந்தி எடுத்தது.