ஸ்டூப்: படியா, திண்ணையா?

நியூயார்க்கில் நடக்கும் ஒரு தொடரைத் தமிழ் வசன வரிகளோடு பார்த்தபோது, இரண்டு பேர் 'ஸ்டூப்'பில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும் காட்சிக்குக் 'குனிந்து உட்கார்ந்து' என்று போட்டிருந்தார்கள். எனக்கு மனசே ஆறவில்லை. குனிவதைக் குறிக்கும் ஆங்கில வினைச்சொல்லுக்கும் இந்த ஸ்டூப்புக்கும் ஒலி ஒன்று என்பதைத் தவிர எந்த உறவும் கிடையாது. இது வீட்டின் ஓர் உறுப்பு, வாசலுக்கு முன்னால் இருக்கும் படி.

அந்த ஊரின் மன்ஹாட்டன் பகுதியில் செயின்ட் மார்க்ஸ் பிளேஸ் என்ற தெருவில் 4, 20 என்ற எண்களில் இரண்டு பழைய செங்கல் வரிசை வீடுகள் இருக்கின்றன. தாமஸ் டேவிஸ் என்பவர் 1830களின் தொடக்கத்தில் அந்தத் தெருவில் வரிசையாகக் கட்டிய வீடுகளில் தப்பி நிற்பவை இவை. சுமார் 26 அடி அகலம், முகப்பில் சிவப்புச் செங்கல். கல் வைத்திருக்கும் முறையைக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும்: ஒவ்வொரு வரியிலும் ஒரு செங்கல் நீளவாட்டில், அடுத்தது தலை மட்டும் தெரிய, மறுபடி நீளவாட்டில் என்று மாறி மாறிப் போகும். இதற்கு ஃபிளெமிஷ் கட்டு என்று பெயர். அப்புறம் சாய்கூரையிலிருந்து எட்டிப் பார்க்கும் மாட ஜன்னல்கள், வளைவான வாசல், அதைச் சுற்றிப் பளிங்குக் கற்கள். அந்த வாசலுக்கு நடைபாதையிலிருந்து நேராக ஏறுகிற உயரமான படிகள்தான் ஸ்டூப்.

ஏன் அவ்வளவு உயரம்? கீழே பாதி மண்ணுக்குள் இருக்கிற தளத்தில்தான் சமையலறையும் வேலைக்காரர்கள் வந்துபோகும் வழியும். விருந்தினரை உட்கார வைக்கும் கூடம் அதற்கு மேலே. ஆக, யார் படியேறுகிறார்கள், யார் கீழ்வாசலில் நுழைகிறார்கள் என்பதிலேயே தெருவுக்கு எல்லாம் தெரிந்துவிடும்.

சொல் டச்சு மொழியிலிருந்து வந்தது. அங்கே 'ஸ்டுப்'. ஆங்கில 'ஸ்டெப்'புக்கு ஒன்றுவிட்ட உறவு. 1664இல் ஆங்கிலேயர் பிடிக்கும்வரை அந்த ஊர் டச்சுக்காரர்களின் நியூ ஆம்ஸ்டர்டாம். ஆட்சி போனாலும் சொல் போகவில்லை. 4ஆம் எண் வீட்டில் 1833 முதல் 1842 வரை குடியிருந்தவர், அமெரிக்காவின் முதல் நிதியமைச்சர் அலெக்சாண்டர் ஹாமில்டனின் மனைவி எலிசபெத். டச்சு வம்சாவளியான ஸ்கைலர் குடும்பத்துப் பெண். தன் முன்னோர் மொழியின் சொல் மேல்தான் தினமும் ஏறி இறங்கியிருக்கிறார் என்று நினைக்கையில் எனக்கு ஒரு நெகிழ்ச்சி. இன்றைக்கு நெதர்லாந்தில் அதே சொல்லுக்கு நடைபாதை என்று பொருள், தென்னாப்பிரிக்காவில் வராந்தா.

இந்தச் சொல் தமிழுக்கும் வந்து சேர்ந்திருக்கிறது என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த செய்தி. இலங்கையின் கரையோரத்தை டச்சுக்காரர்கள் ஆண்டபோது சிங்களத்தில் நுழைந்து 'இஸ்தோப்புவ' ஆனது. மலையகத் தமிழர் பேச்சில் அது 'இஸ்தோப்பு'. தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயன் வீட்டில் காம்பராவுக்கு, அதாவது அறைக்கு, முன்னால் இருக்கும் சின்ன இடம். லயனும் வரிசை வீடுதான், பொதுச்சுவர்தான். ஆனால் மன்ஹாட்டன் வீடு வசதியைக் காட்ட உயர்ந்து நின்றது, இது ஒரு குடும்பத்தை ஒற்றை அறைக்குள் அடைக்கக் கட்டியது.

சரி, தமிழில் என்ன சொல்வது? இஸ்தோப்பு என்றால் கூரை இருக்கும், படி நினைவுக்கு வராது. தாழ்வாரமும் அப்படித்தான். வெறும் 'வாசற்படி' என்றால் ஏறி இறங்குவது மட்டும்தான் வரும், உட்கார்ந்து பேசுவது வராது. திண்ணை கிட்டத்தட்டப் பொருந்துகிறது: வீட்டுக்கும் தெருவுக்கும் நடுவில் இருப்பது, பொழுது சாய்ந்தால் ஆள் கூடுவது, திண்ணைப் பேச்சு என்று தனிச்சொல்லே உண்டாக்கியது. ஆனால் திண்ணை வாசலின் பக்கத்தில் இருக்கும் மேடை. ஸ்டூப்பில் படியே இருக்கை. அதனால் இரண்டையும் சேர்த்துப் 'படித்திண்ணை' என்கிறேன். கட்டுமான விவரம் எழுதும்போது 'உயர் படிவாசல்' என்றும் எழுதலாம், ஆனால் கதையில் அது உயிரில்லாமல் கிடக்கும்.

அந்த வசன வரி இப்படி இருந்திருக்கலாம்: 'ராத்திரி பன்னிரண்டு மணிவரை படித்திண்ணையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோமே, மறந்துவிட்டாயா?'