வாரிசு

நோலனின் பேட்மேன் முத்தொகுதி 2005, 2008, 2012 என்று மூன்று படங்களாக வந்து முடிந்தது. கடைசிப் படத்தின் முடிவில் பேட்மேனின் இடம் ஜான் பிளேக் என்ற இளம் போலீஸ்காரனுக்குப் போகிறது. அந்த முடிவு சரிதானா என்ற சண்டை மட்டும் முடியவில்லை. "அவன் எப்படி வாரிசாக முடியும்?" என்கிறது ஒரு கட்சி. "அவனைத் தவிர வேறு யார் வாரிசு?" என்கிறது மறு கட்சி. பாதிச் சண்டைக்குக் காரணம் அந்தச் சொல்தான் என்பது என் எண்ணம்.

'வாரிசு' அரபு மொழிச் சொல். அரபில் 'வாரிஸ்' என்றால் இறந்தவரின் சொத்தில் பங்கு பெறுபவர். பாரசீகம், உருது வழியாக நம் ஆவணங்களுக்குள் வந்து 'வாரிசுச் சான்றிதழ்' வரை நிலைத்துவிட்டது. அதனால் இந்தச் சொல்லைக் கேட்டதும் நம் மனத்தில் வருபவை இரண்டு: ஒன்று சொத்து, மற்றொன்று ரத்தம். 'வாரிசு அரசியல்' என்னும்போது நாம் திட்டுவதும் ரத்தத்தைத்தான்.

சரி, இந்த அளவுகோலோடு மூன்றாம் படத்தின் உயில் காட்சியைப் பாருங்கள். பேட்மேன் முகமூடிக்குள் இருந்த புரூஸ் வேய்னின் மாளிகை அநாதைக் குழந்தைகளுக்காக நகரத்துக்குப் போகிறது. கடன் போக மிஞ்சியது அவனை வளர்த்த பணியாளர் ஆல்ஃபிரட்டுக்கு. கறாராகச் சொன்னால் ஆல்ஃபிரட்தான் வாரிசு. பிளேக்குக்குக் கிடைப்பது ஒரு பை. அதில் இருப்பவை பேட்மேனின் ரகசியக் குகைக்குப் போக வழி சொல்லும் சாமான்கள். அப்புறம், ரத்த உறவு? அந்தப் படத்தில் அசல் வாரிசு ஒருத்தி இருக்கிறாள், தாலியா. முதல் படத்தின் வில்லன் ராஸ் அல் கூல் தொடங்கிய அழிவு வேலையை முடிக்க வரும் மகள். அவளைக் கொன்றுவிட்டு, ரத்தத் தொடர்பே இல்லாத ஒரு போலீஸ்காரனிடம் குகையை ஒப்படைக்கிறார் நோலன். ரத்தவழி உரிமையைப் படமே நிராகரித்துவிட்டது. பிளேக்கை மட்டும் வாரிசு என்று அழைத்துவிட்டு, வாரிசுக்கான தகுதி இல்லையே என்று குறைசொல்வது என்ன நியாயம்?

தமிழில் மாற்றுச் சொல் தேடினால் முதலில் கைக்கு வருவது 'வழித்தோன்றல்'. அழகான சொல்தான், ஆனால் குலவழி என்ற பொருள் அதிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 'மரபுரிமையர்' அகராதிக்குள்ளேயே இருக்கட்டும். பழைய சொல் 'தாயம்'. வழிவழியாக வரும் உரிமைக்கு அந்தப் பெயர். புறநானூற்றின் 75ஆம் பாட்டில் சோழன் நலங்கிள்ளி 'பழவிறல் தாயம்' என்று ஆட்சியுரிமையைச் சொல்கிறான். சிறியவன் கையில் அது பெரும் பாரம்; தகுதியுள்ளவன் கையில் குளத்து நெட்டி வெயிலில் காய்ந்தது போல லேசானது என்கிறான். பிளேக் பற்றிக் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். அவனுக்கு உரிமை உண்டா என்பதல்ல, பாரம் தாங்குவானா என்பது.

தாங்குவான் என்று நம்ப வைக்கப் படம் உழைத்திருக்கிறது. அவனும் பெற்றோரை இழந்தவன். தான் வளர்ந்த அநாதை விடுதிக்கு வந்த புரூஸ் வேய்னின் முகத்தைப் பார்த்தே, அந்தச் சிரிப்பு பழகிக்கொண்ட முகமூடி என்று சிறுவயதிலேயே கண்டுகொண்டவன். குழந்தைகள் தப்பிக்க இருந்த பாலத்தைச் சக போலீசாரே தகர்த்ததைப் பார்த்தபின் தன் பேட்ஜை எறிகிறான். இவையெல்லாம் கச்சிதம். உடம்பு விஷயத்தில்தான் இடிக்கிறது. புரூஸ் ஏழு ஆண்டு ஊர் சுற்றிப் பயின்றவன். இரண்டாம் படத்தில் ஹாக்கி உறைகளை மாட்டிக்கொண்டு பேட்மேன் வேடத்தில் வந்தவர்களை விரட்டியவனும் அவனே. பிளேக்குக்கு என்ன பயிற்சி? ஒரு காட்சிகூட இல்லை. இதைவிட எனக்கு உறுத்துவது அந்தப் பெயர். உயில் அலுவலகத்துப் பெண்மணி, முழுப் பெயரையே வைத்துக்கொள்ளலாமே, ராபின் நன்றாக இருக்கிறதே என்கிறாள். 1940இலிருந்து காமிக்ஸில் ராபின் என்பது பேட்மேனின் துணைவன் பெயர், அதுவும் பலர் மாறி மாறிச் சுமந்த பட்டம். அதைப் பிறப்புப் பெயராக்கியதில் பிளேக் சொந்தமாகச் சம்பாதித்ததெல்லாம் ஒரு கண்சிமிட்டலில் கரைந்துபோனது.

எனக்குப் பொருத்தமாகப் படும் தமிழ்ச்சொல் 'எச்சம்'. 'தக்கார் தகவிலர் என்பது அவரவர் எச்சத்தாற் காணப்படும்' என்ற குறளில் அதற்கு மக்கள் என்று பொருள் கொண்டார் பரிமேலழகர். ஒருவர் விட்டுச்செல்லும் புகழ் என்று கொள்வோரும் உண்டு. பிளேக் இரண்டாம் வகை எச்சம். இலக்கணத்திலும் எச்சம் உண்டு. 'எழுந்து' என்றால் வாக்கியம் முடியவில்லை, எழுந்து என்ன செய்தான் என்று கேட்கத் தோன்றும். குகைக்குள் வவ்வால்கள் கலைய, தண்ணீருக்குள்ளிருந்து மேடை பிளேக்கைத் தூக்கிக்கொண்டு மேலே வருகிறது. திரை இருள்கிறது. அப்போதுதான் படத்தின் தலைப்பு வருகிறது, 'தி டார்க் நைட் ரைசஸ்', 'எழுகிறான்' என்ற வினைமுற்றோடு.