நாய்க்குடை: பெயரை நம்பிக் காளான் பறிக்கலாமா?

நாய்க்குடை என்றால் அகராதியில் காளான் என்று இருக்கும். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்தில் அந்தச் சொல்லோடு ஒரு தீர்ப்பும் சேர்ந்தே வரும். மழை விட்ட மறுநாள் காலையில் கொல்லை வரப்பில் வெள்ளையாக ஒன்று முளைத்திருக்கும். பிள்ளை "காளான்!" என்று கத்தும். "அது நாய்க்குடை, தொடாத சாமி" என்பார் பாட்டி. காளான் தின்பதற்கு, நாய்க்குடை தள்ளுவதற்கு என்பது இங்கே பேச்சில் பழகிய பிரிவு. இந்தப் பிரிவு எத்தனையோ வீடுகளைக் காப்பாற்றியிருக்கும், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் நாய்க்குடை என்று தனியாக ஓர் இனம் இல்லை. அதனால்தான் இந்தச் சொல்லைப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

குடை என்ற பகுதிக்கு விளக்கம் தேவையில்லை, உருவத்தைப் பார்த்து வைத்த பெயர். நாய் ஏன் வந்தது? நாய் சிறுநீர் விட்ட இடத்தில் முளைப்பதால் என்று ஊரில் சொல்வார்கள். எனக்கு அதைவிடப் பொருத்தமாகப் படுவது தமிழ்ச் செடிப் பெயர்களில் உள்ள வழக்கம். சமைக்கிற கீரை நல்வேளை, அதைப் போலவே இருந்து சமையலுக்கு எடுக்காதது நாய்வேளை. துளசிக்கு எதிரில் நாய்த்துளசி நிற்கிறது. சுரைக்குப் பேய்ச்சுரையும் புடலுக்குப் பேய்ப்புடலும் உண்டு. முன்னால் நாயோ பேயோ வந்தால் 'இது அது இல்லை, ஏமாறாதே' என்று பொருள். நாய்க்குடையும் அந்த வரிசையில் வைத்த எச்சரிக்கைப் பெயர்தான்.

ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் தமிழோடு கன்னடமும் தெலுங்கும் ஒரே சந்தையில் புழங்குகின்றன. கன்னடத்தில் காளான் அணபெ. அதற்கு நாயிகொடெ என்ற பெயரும் உண்டு, அப்படியே நம் நாய்க்குடை. தெலுங்கில் குக்ககொடுகு என்கிறார்கள். குக்க என்றால் நாய், கொடுகு என்றால் குடை. மூன்று மொழிக்காரர்களும் ஒரே படத்தைப் பார்த்து ஒரே பெயரை வைத்திருக்கிறார்கள். தெலுங்கில் இன்னொரு பெயரும் இருக்கிறது: புட்டகொடுகு. புட்ட என்பது புற்று, ஆக இது புற்றுக்குடை. எங்கே முளைக்கிறது என்பதைப் பெயரிலேயே வைத்திருக்கும் இந்தச் சொல்தான் எனக்கு மிகவும் பிடித்தது. தமிழில் புற்றுக்காளான் என்கிறோமே, அதே அறிவு.

இந்தப் புற்று உறவு தமிழ் இலக்கியத்தில் மிகப் பழையது. சங்க நூல்களில் காளானுக்குச் சொல் ஆம்பி. புறநானூற்றின் 164-ஆம் பாட்டில் பெருந்தலைச் சாத்தனார், சமைப்பதையே மறந்துபோன தன் வீட்டு அடுப்பில் 'ஆம்பி பூப்ப' என்று பாடுகிறார். ரொட்டியில் பூசணம் பூத்திருக்கிறது என்று இன்றும் நாம் சொல்லும்போது அதே வினைதான் வருகிறது. சிறுபாணாற்றுப்படையில் 'பூழி பூத்த புழற்காளாம்பி' என்று ஒரு தொடர் இருக்கிறது. கூட்டமாகச் சிதல், அதாவது கறையான், அரித்த பழஞ்சுவரின் புழுதியில் பூத்த காளாம்பி அது. காளாம்பி என்பது இன்றைய காளானையும் அன்றைய ஆம்பியையும் ஒன்றாகப் பிடித்து வைத்திருக்கும் வடிவம். புழல் என்றால் உள்துளை. கறையான், புழுதி, துளையுள்ள காம்பு என்று மூன்று அடையாளங்களை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார் புலவர். தகடூர் அதியமானை ஏழு வள்ளல்களில் ஒருவராகப் போற்றுவதும் இதே பாட்டுதான். தகடூர்தான் இன்றைய தர்மபுரி என்பதால் நம் ஊர்க்காரர்களுக்கு இதில் கொஞ்சம் கூடுதல் உரிமை உண்டு.

சரி, ஆங்கிலச் சொல்லுக்கு வருவோம். நாய்க்குடைக்கு நேராகப் பலர் டோட்ஸ்டூல் என்று எழுதுகிறார்கள். தேரை உட்காரும் முக்காலி என்பது அதன் பொருள். மஷ்ரூம் என்பது பழைய பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல். பேச்சு வழக்கில் அங்கேயும் மஷ்ரூம் தின்பது, டோட்ஸ்டூல் தள்ளுவது. ஆனால் தாவரவியலில் டோட்ஸ்டூல் என்று ஒரு பிரிவு கிடையாது. ஒரே பேரினத்துக்குள் தின்னத் தக்கதும் ஆளைக் கொல்வதும் அடுத்தடுத்து இருக்கும். அமானிட்டா என்ற பேரினம் இதற்குச் சரியான சான்று: அதில் ஐரோப்பியர்கள் விரும்பிச் சாப்பிடும் இனமும் உண்டு, உலகில் காளான் சாவுகளில் பெரும்பங்குக்குக் காரணமான இனமும் உண்டு. ஆகவே நாய்க்குடை என்ற பெயர் காப்பாற்றுவது, சொல்பவருக்கு அந்தக் காளானைத் தெரிந்திருக்கும்வரைதான். பாட்டிக்குத் தெரியும். பேரனுக்குப் பெயர் மட்டும் வந்து சேர்ந்திருக்கிறது.

பாட்டி பார்த்தது எதை? முதலில் புற்றுக்காளானை எடுத்துக்கொள்வோம். இதன் பேரினத்துக்குப் பிரெஞ்சு அறிஞர் ரோஜர் ஹைம் 1942-ல் டெர்மிட்டோமைசஸ் என்று பெயர் வைத்தார். கறையான் காளான் என்றுதான் அதற்கும் பொருள். அவர் பெயரால் ஓர் இனத்தைச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கே. நடராஜன் 1979-ல் விவரித்தார். கறையான்கள் மண்ணுக்கடியில் மென்ற இலைதழையைக் கொண்டு தேன்கூடு போன்ற அடுக்குகள் கட்டி, அவற்றில் இந்தப் பூஞ்சையை வளர்த்து உண்கின்றன. மழை நனைத்ததும் அங்கிருந்து காளான் மேலே வருகிறது. குடையின் நடுவில் கெட்டியான கூர்முனை இருக்கும், மண்ணைத் துளைத்து வர அது வேண்டும். காம்பு தரையோடு நிற்காது. வேர் போல நீண்டு கூடு வரைக்கும் இறங்கும். பிடுங்கினால் அறுந்துவிடும், தோண்டித்தான் பார்க்க வேண்டும். மேலே புற்று மேடு தெரியாமல் சமதரையிலும் முளைக்கும் என்பதால் தோண்டுவது இன்னும் அவசியம். வேர் போன்ற காம்பு வேறு சில காளான்களுக்கும் உண்டு. அது கறையான் கூட்டில் போய் முடிகிறதா என்பதுதான் கேள்வி.

அப்புறம் உறுப்புகளுக்கான சொற்கள். இவை இல்லாமல் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுக்க முடியாது. மேலே இருப்பது குடை. குடைக்கடியில் தகடு தகடாக இருப்பதற்குப் பாடநூல்கள் செவுள் என்ற சொல்லை எடுத்துக்கொண்டன, மீனுக்குச் சொல்வதுதான். தாங்குவது காம்பு. காம்பைச் சுற்றிப் பாவாடை போல் நிற்பது வளையம். அடியில் கிழிந்த முட்டை ஓடு போல் மண்ணுக்குள் புதைந்திருப்பதை அடிப்பை என்று சொல்லலாம். அமானிட்டாவின் கொலைகார இனங்களுக்கு இந்த அடிப்பைதான் பெரிய அடையாளம், மண்ணோடு தோண்டாமல் ஒடித்தெடுத்தால் அது கண்ணிலேயே படாது. இதிலும் ஒரு சிக்கல் உண்டு. நாம் வளர்த்துச் சாப்பிடும் வைக்கோல் காளானுக்கும் அடிப்பை இருக்கிறது. தென்கிழக்கு ஆசியாவிலிருந்து அமெரிக்கா போனவர்கள், ஊரில் தின்ற வைக்கோல் காளான் என்று நினைத்துக் கொல்லும் அமானிட்டாவைச் சமைத்து இறந்ததுண்டு.

இரண்டையும் பிரிப்பதற்கு வித்துத்தூளின், அதாவது செவுளிலிருந்து உதிரும் நுண்தூளின், நிறம் உதவும். குடையை வெட்டி, செவுள் கீழே படும்படி, பாதி கறுப்பும் பாதி வெள்ளையுமான தாளில் வைத்து, மேலே கிண்ணத்தைக் கவிழ்த்து ஓர் இரவு விட வேண்டும். அமானிட்டா வெள்ளைத் தூளை விடும், வைக்கோல் காளானும் புற்றுக்காளானும் இளஞ்சிவப்பாக விடும். வீட்டுத் தோட்டத்திலும் புல்தரையிலும் மழைக்குப் பிறகு தட்டு அகலத்துக்கு விரியும் ஒரு வெள்ளைக் காளான் உண்டு. குடைமேல் பழுப்புச் செதில்கள் இருக்கும், காம்பில் வளையம் இருக்கும், பார்த்தால் சாப்பிடத் தோன்றும். அதன் தூள் பச்சை. குளோரோபில்லம் என்ற அதன் பேரினப் பெயரிலேயே பச்சை இருக்கிறது. தின்றால் சில மணி நேரத்தில் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். வெப்ப நாடுகளில் காளான் தின்று மருத்துவமனைக்குப் போகிறவர்கள் பலர் இதைத்தான் தின்றிருப்பார்கள். தூளின் நிறம் எந்த இனம் என்று தேட உதவுமே தவிர, தின்னலாம் என்று சான்று தராது.

ஊரில் சுற்றும் சோதனைகளை அடியோடு விட்டுவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வெள்ளிக்காசு கறுக்கவில்லை, மஞ்சளும் பூண்டும் போட்டு வேகவைத்தபோது நிறம் மாறவில்லை, பூச்சி தின்றிருக்கிறது என்று எது சொன்னாலும் அதற்கும் நஞ்சுக்கும் தொடர்பே இல்லை. அமானிட்டாவின் கொலைகார இனங்களில் உள்ள அமாடாக்சின் என்ற நஞ்சு கொதிக்க வைத்தாலும் அழியாது, காயவைத்தாலும் அழியாது. முயலும் நத்தையும் தின்றுவிட்டு நலமாகவே திரியும், மனிதக் கல்லீரல்தான் தாங்காது. தின்று 6 மணி நேரத்துக்கு மேல் எதுவுமே தெரியாமல் இருந்து, பிறகு வாந்தி பேதி தொடங்கினால் அதுதான் மிக ஆபத்தான அறிகுறி. நடுவில் ஒரு நாள் தேறியது போலவும் தோன்றும், கல்லீரல் கெடுவது அப்போதுதான். கைவைத்தியம் பார்த்துக் காத்திருக்கக் கூடாது. 108-ஐ அழைத்து மருத்துவமனைக்குப் போக வேண்டும். சமைக்காமல் மிச்சமிருக்கும் காளானையோ குழம்பையோ கையோடு கொண்டுபோக வேண்டும், அதே குழம்பில் களி தின்ற மற்றவர்களையும் அறிகுறி வரட்டும் என்று காத்திருக்காமல் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

காடு பற்றியும் ஒரு வார்த்தை. அஞ்செட்டி, பென்னாகரம் பக்கத்துக் காடுகளில் பெரும்பகுதி இப்போது காவேரி வடக்கு, காவேரி தெற்கு என்ற வனவிலங்குச் சரணாலயங்களுக்குள் வருகிறது. வடக்கு 2014-லும் தெற்கு 2022-லும் அறிவிக்கப்பட்டவை. யானை நடமாடும் இடம், அனுமதியின்றி உள்ளே போய் எதையும் பறித்து வர முடியாது.

இனி எழுதுகிறவர்களுக்கு. டோட்ஸ்டூல் என்று வந்தால், நஞ்சைக் குறிக்கும் இடத்தில் நச்சுக்காளான் என்றே எழுதலாம். விஷக்காளான் என்ற பேச்சு வடிவமும் எல்லோருக்கும் புரிகிறது. நாய்க்குடையைக் கதையிலும் பேச்சிலும் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். எச்சரிக்கைப் பலகையிலும் மருத்துவக் குறிப்பிலும் மட்டும் வேண்டாம், ஏனென்றால் தர்மபுரியில் ஒரு வீட்டார் நாய்க்குடை என்று தள்ளுவதைப் பக்கத்து ஊரார் வேறு பெயரில் குழம்பு வைப்பார்கள். பூஞ்சை என்பது முழு உயிர்க்குழுவுக்கும் பெயர். காளான், அதில் கண்ணுக்குத் தெரியும்படி மேலே வரும் கனியுடல். சிப்பிக்காளான், பால்காளான், மொட்டுக்காளான் என்று கடையில் விற்பவற்றுக்கு நல்ல பெயர்கள் ஏற்கெனவே இருக்கின்றன, அங்கே மஷ்ரூம் தேவையே இல்லை.