நிற்கும்போது நாலு பார், இழுக்கும்போது மூணு

சித்தப்பா மகன் கோவையில் ஒரு செகண்ட் ஹேண்ட் டர்போ பெட்ரோல் கார் வாங்கினான். 1.2 லிட்டர், மூன்று சிலிண்டர், 110 குதிரைத்திறன், ஓடியது 92,000 கிலோமீட்டர். ஊருக்குள் ஓட்டினால் எந்தக் குறையும் தெரியாது. பைபாஸில் லாரியை முந்துவதற்கு மூன்றாவது கியரில் மிதித்தால் மட்டும், நாலாயிரம் ஆர்பிஎம் பக்கம் ஒரு திணறல். யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பது போல. ஒர்க்‌ஷாப்பில் காட்டியதற்கு "பியூயல் பம்ப் போயிருச்சு, மாத்திடலாம்" என்றார்களாம். "மாத்தலாமாண்ணா?" என்று போன் செய்தான்.

"தோட்டத்துல தண்ணி கம்மியா வந்தா உங்கப்பா உடனே மோட்டாரையா மாத்துவாரு?" என்று கேட்டேன்.

"இல்ல, முதல்ல வோல்டேஜ் பார்ப்பாரு."

அதையே இங்கேயும் செய்யலாம் என்றேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. காரின் பெட்ரோல் டேங்குக்குள் இருப்பது ஒரு குட்டி சப்மெர்சிபிள் மோட்டார்தான். போர்வெல் மோட்டார் தண்ணீரில் மூழ்கிக் குளிர்வது போல இது பெட்ரோலில் மூழ்கிக் குளிர்கிறது. பெட்ரோல் மோட்டாரின் வயிற்றுக்குள் புகுந்துதான் வெளியே வருகிறது. சுழலும் பாகத்துக்கு மின்சாரம் கடத்தும் கார்பன் பிரஷ் உரசும் இடத்தில் பெட்ரோல் ஓடினால் தீப்பிடிக்காதா என்றால், எரிவதற்குக் காற்று வேண்டும், உள்ளே அது இல்லை. கிணறு வற்றினால் மோட்டார் சூடாவது போல, எப்போதும் ரிசர்விலேயே ஓட்டுகிறவர்களின் பம்பும் சீக்கிரம் தேய்கிறது. பழைய கார் வாங்கும்போது முதல் ஓனருக்கு இந்தப் பழக்கம் இருந்ததா என்று யாரும் கேட்பதில்லை.

போர்வெல் வைத்திருப்பவர்களுக்குத் தெரிந்த இன்னொரு விஷயம்: உயரம் கூடக் கூடத் தண்ணீரின் அளவு குறையும். காரில் உயரத்துக்குப் பதில் அழுத்தம். இந்த மாதிரிக் கார்களில், இன்ஜினுக்குப் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டருக்கு, பம்ப் சுமார் 4 பார் அழுத்தத்தில் பெட்ரோல் தர வேண்டும் (ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியிருக்கும் காற்றின் அழுத்தம்). மிஞ்சியதை, அழுத்தத்தை ஒரே அளவில் வைக்கும் ரெகுலேட்டர் டேங்குக்கே திருப்பி விட்டுவிடும்.

சரி, எவ்வளவு தர வேண்டும்? இன்ஜின் சும்மா நின்று ஓடும்போது மணிக்கு ஒரு லிட்டர் கூடச் செலவாகாது. 110 குதிரைத்திறனையும் பிழியும்போது, டர்போ இன்ஜினுக்கான பொதுக்கணக்குப்படி, மணிக்கு 40 லிட்டர் அளவுக்குத் தேவை. நாற்பது மடங்கு! அதனால் தேய்ந்துபோய் 30 லிட்டர்தான் தள்ள முடிகிற பம்ப் கூட, நின்ற இடத்தில் 4 பாரை அப்படியே காட்டும். பானெட்டைத் திறந்து கேஜ் மாட்டி "பிரஷர் சரியா இருக்கு சார்" என்று சொல்வதற்கு எந்த மதிப்பும் இல்லை.

இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கிற டர்போ இன்னொரு சிக்கலையும் கொண்டுவருகிறது. இன்ஜெக்டர் பெட்ரோலைப் பீய்ச்சும் இடத்தில் சாதாரண இன்ஜினில் காற்றழுத்தம் வெளியில் இருப்பதைத் தாண்டாது. டர்போவில் 1 பார் வரை கூடுதலாக எதிர்த்துத் தள்ளும். 4 பாரில் அது போக மிச்சம் 3. இதற்காக இன்ஜெக்டரைக் கூடுதல் நேரம் திறக்கும்படி கம்ப்யூட்டரில் எழுதியிருப்பார்கள். ஆனால் பம்ப் 3 பாருக்கு இறங்கினால் மிச்சம் 2 தான். ஓட்டம் அழுத்த வித்தியாசத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. கணக்குப் போட்டால் 18% பெட்ரோல் குறைகிறது. ஒரு கிலோ பெட்ரோல் எரிய 14.7 கிலோ காற்று. முழு பூஸ்டில், அதாவது டர்போ முழு அழுத்தம் தரும்போது, 12 அளவுக்குக் காற்றைக் குறைத்து வைப்பதே, மிகுதிப் பெட்ரோல் ஆவியாகி உள்ளே குளிர்விக்கட்டும் என்றுதான். அந்த மிகுதி போனால் சூடு ஏறும், நாக்கிங் (பெட்ரோல் கலவை தானாகவே வெடித்து எரிவது) வரும், மோசமானால் பிஸ்டன் உருகும். இப்போதைய கார்களில் நாக் சென்சார் அதை உணர்ந்து சொன்னதும், கம்ப்யூட்டர் முந்திக்கொண்டு ஸ்பார்க் நேரத்தைத் தள்ளிப்போட்டு, பூஸ்டையும் குறைத்துவிடும். தம்பி உணர்ந்த திணறல் அதுவாக இருக்க வாய்ப்பு அதிகம். 20% எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு அந்த 14.7, 13.5 ஆகிவிடுவதால், அதே காற்றுக்கு 9% அளவுக்குக் கூடுதலாகத் தள்ள வேண்டிய வேலையும் இதே பம்பின் தலையில்தான். முன்பு ஓட்டியவர் கூடுதல் பவருக்காகக் கம்ப்யூட்டர் கணக்கை மாற்றி எழுதும் ரீமேப் வேறு செய்திருந்தால் கேட்கவே வேண்டாம்.

டைரக்ட் இன்ஜெக்‌ஷன் (பெட்ரோலை நேரே சிலிண்டருக்குள் பீய்ச்சும் முறை) காராக இருந்தால் டேங்க் பம்ப் போக, இன்ஜினின் கேம் ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) ஓட்டுகிற இரண்டாவது பம்ப் ஒன்று உண்டு. அது 200 பார், சில கார்களில் அதற்கு மேலும் அழுத்தும். விலையும் அதிகம். அங்கேயும் டேங்க் பக்கத்தைச் சோதித்த பிறகுதான் அதைக் குறை சொல்ல வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை, தெரிந்த மெக்கானிக் ஒருவரைக் கூட்டிக்கொண்டு பைபாஸுக்குப் போனோம். பெட்ரோல் லைனில் T வடிவ இணைப்பு போட்டு, நீள ஹோஸில் கேஜை மாட்டி, கண்ணாடிக்கு வெளியே டேப் அடித்து ஒட்டினார். (பெட்ரோல் விஷயம், தீயணைப்பான் பக்கத்தில் இருந்தது. வீட்டில் முயல வேண்டாம்.) தம்பி ஓட்ட, நான் முள்ளைப் பார்த்தேன். நிற்கும்போது 4. மூன்றாவது கியர், முழு மிதி: 3,000 வரை 4, பிறகு முள் மெதுவாகச் சரிந்து 4,200-ல் 3.1.

அப்புறம் பின் சீட்டைத் தூக்கி, ஓடும் இன்ஜினில் வோல்டேஜ் பார்த்தோம். பேட்டரியில் 14.1, பம்ப் சாக்கெட்டில் 12.3. காணாமல் போன 1.8 வோல்ட்டில் 1.5 எர்த் பக்கம், அதாவது மின்சாரம் கார் பாடி வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் பாதையில். வயரைத் தொடர்ந்து போனால், கார்ப்பெட்டுக்கு அடியில் துரு பிடித்த ஒரு போல்ட். எப்போதோ உள்ளே நனைந்திருக்க வேண்டும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து முடுக்கியதும் 13.6 வந்தது. மறுபடி ஓட்டினோம். 4,500 வரை முள் அசையவில்லை. அதற்கு மேல் 3.6.

அப்படியானால் பம்பும் தேய்ந்துதான் இருந்தது. ஒர்க்‌ஷாப்காரர் தவறாகச் சொல்லவில்லை. ஆனால் பம்பை மட்டும் மாற்றியிருந்தால், புதுசும் அதே துருப்பிடித்த எர்த்தில் பாதி உயிரோடு ஓடியிருக்கும், "டூப்ளிகேட் பம்ப்" என்று திட்டு வாங்கியிருக்கும். மணிக்கு 255 லிட்டர் தள்ளும் பந்தய பம்ப் போடலாமா என்று தம்பி கேட்டான். 40 லிட்டர் கேட்கிற இன்ஜினுக்கு அது எதற்கு? மிஞ்சுகிற ஓட்டத்தைச் சின்ன ரெகுலேட்டரால் திருப்பி விட முடியாமல் அழுத்தம் எகிறும். ஒரிஜினலையே போடச் சொன்னேன். வாங்குவதற்கு முன் சேசிஸ் எண்ணைக் கொடுத்து ரீகால் இருக்கிறதா என்றும் பார்த்தோம். 2020-ல் ஜப்பானின் டென்சோ நிறுவனம் செய்த பம்புகள் பல நிறுவனக் கார்களிலிருந்து திரும்ப அழைக்கப்பட்டன, உள்ளே சுழலும் பிளாஸ்டிக் சக்கரம் பெட்ரோலில் ஊறிப் பருத்து, கூட்டில் உரசி நின்றுபோனதால். இந்தக் காருக்கு அப்படி எதுவும் இல்லை.

பழைய பம்பைத் தம்பி வீட்டுக்குக் கொண்டுவந்து ஹேக்ஸாவால் அறுத்தான். இரண்டு பிரஷ்களில் ஒன்று மூன்று மில்லிமீட்டருக்குத் தேய்ந்திருந்தது, அது உரசிய இடத்தில் விரல் நகம் சிக்குகிற அளவுக்குப் பள்ளம். அடியில் இருந்த வலைப்பை, டீ வடிகட்டி போலப் பழுப்பேறிக் கிடந்தது. சித்தப்பா அதை வாங்கி வெயிலில் திருப்பிப் பார்த்துவிட்டு, "நம்ம மோட்டாரோட புட்வால்வும் இப்படித்தான் இருக்கும்" என்று எழுந்து கிணற்றுப் பக்கம் போனார்.